வெடிக்குமா, வெடிக்காதா? மூளை நாடிப் புடைப்பும் அதன் ஆபத்தைக் கணிக்கும் கணக்கும்

ஆவணித் திருவிழாக் காலத்தில் மடு வீதிச் சந்தியில் நிற்க இடமிருக்காது. மாதா கோயிலுக்குப் போகும் சனம் நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்து இறங்கும். சந்தியில் வாப்பாவுக்கு ஒரு சிறிய கடை இருக்கிறது. வருடம் முழுவதும் ஓடாத வியாபாரம் அந்தப் பத்து நாளில் ஓடும். உம்மாவும் நானாவும் நானும் கடைக்குள்ளேயே நிற்போம்.

கடந்த வருடம் திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு, தண்ணீர் சிந்தியிருந்த சீமெந்துத் தரையில் உம்மா வழுக்கி விழுந்தார். பின்தலை படியில் அடிபட்டது. மயக்கம் வரவில்லை. ஆனாலும் இரண்டு தரம் வாந்தி எடுத்ததால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். அடிபட்டதால் உள்ளே ஒன்றும் ஆகவில்லை என்றார்கள். அல்ஹம்துலில்லாஹ் என்று நாங்கள் மூச்சு விடுவதற்குள் வைத்தியர் சொன்னார்:

"விழுந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. ஆனா வேற ஒண்டு சந்தேகமா இருக்கு. மருந்தேத்தி இன்னொரு ஸ்கேன் எடுக்க வேணும்."

இரண்டாவது ஸ்கேன் வெளிமாவட்டத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் எடுக்கப்பட்டது. அதில் உம்மாவின் மூளையின் இடப்பக்க நடு நாடி கிளைவிடும் இடத்தில் 5 மில்லிமீற்றர் அளவான ஒரு புடைப்பு தெரிந்தது. அதற்குப் பெயர் அனியூரிசம்.

வீட்டுக்கு வந்தபிறகு எல்லோரும் கேட்டது ஒரே கேள்வியைத்தான். "அது வெடிக்குமா?" அந்தக் கேள்விக்கு மருத்துவம் எப்படி விடை தேடுகிறது என்பதை இந்த ஒரு வருடத்தில் நான் ஓரளவு படித்தேன். அதில் ஒரு பிழையும் விட்டேன். இரண்டையும் இங்கே எழுதுகிறேன்.

அனியூரிசம் என்றால் என்ன?

செய்தி பரவியதும் அயலில் ஒரு மாமி "மூளையில கட்டியாம்" என்று அழுதுகொண்டு வந்தார். இது கட்டி அல்ல, புற்றுநோயும் அல்ல. பழைய சைக்கிள் ரயர் ஓரிடத்தில் தேய்ந்துபோனால் உள்ளேயிருக்கும் ரியூப் அந்த இடத்தால் முட்டை போலப் பிதுங்கும் அல்லவா? அப்படித்தான் இதுவும். நாடியின் சுவர் ஓரிடத்தில் பலவீனப்பட, உள்ளே ஓடும் குருதியின் அமுக்கத்தால் அந்த இடம் வெளியே புடைக்கிறது.

மூளைக்குக் குருதி கொண்டுபோகும் நாடிகள் மூளையின் அடியில் ஒரு வளையமாக இணைகின்றன. 1664 இல் தோமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய வைத்தியர் இதைத் தம் நூலில் படத்துடன் விளக்கியதால் இன்றும் அதற்கு வில்லிஸ் வளையம் என்று பெயர். இந்த வளையத்திலும் அதிலிருந்து பிரியும் கிளைகளின் சந்திகளிலுமே பெரும்பாலான புடைப்புகள் தோன்றுகின்றன. ஆறு இரண்டாகப் பிரியும் இடத்தில் நீர் நடுக்கரையில் மோதி மண்ணை அரிப்பதைப் போல, நாடி பிரியும் இடத்தில் குருதி சுவரில் மோதுகிறது. மேலும் மூளை நாடிகளின் சுவர் உடலின் மற்ற நாடிகளின் சுவரை விட மெல்லியது.

இது அரிதான ஒன்று என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், வளர்ந்தவர்களில் 100 பேரில் ஏறத்தாழ 3 பேருக்கு மூளையில் இப்படியொரு புடைப்பு இருக்கலாம் என்று தெரிகிறது. பெரும்பாலானோர் அதை அறியாமலேயே வாழ்ந்து, வேறு காரணத்தால் மௌத்தாகிறார்கள். உம்மா விழாமல் இருந்திருந்தால் எங்களுக்கும் தெரிந்திருக்காது.

ஆனால் வெடித்தால் நிலைமை வேறு. நாடியிலிருந்து வெளியேறும் குருதி மூளையைச் சுற்றியுள்ள மென்சவ்வுகளுக்கிடையே பரவுகிறது. அப்படி ஏற்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் அளவில் உயிரிழக்கிறார்கள். பிழைப்பவர்களிலும் பலருக்கு ஞாபகசக்தியிலோ கைகால்களிலோ பாதிப்பு நிற்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம் என்பதையும் எங்கள் கல்லூரி இதழில் சொல்லியே ஆக வேண்டும்.

ஏன் சில வெடிக்கின்றன?

பௌதிகவியல் படிக்கும் தோழிகளுக்கு இது எளிதில் விளங்கும். கோளவடிவான மெல்லிய சுவர் ஒன்றுக்குள் அமுக்கம் இருந்தால், சுவரில் ஏற்படும் தகைப்பு அமுக்கத்தையும் ஆரையையும் பெருக்கி, சுவரின் தடிப்பின் இருமடங்கால் வகுத்த பெறுமானத்துக்குச் சமம். பிரான்ஸ் நாட்டு அறிஞர் லாப்பிளாசின் பெயரால் அழைக்கப்படும் விதி இது.

இதில் மூன்று விடயங்கள் இருக்கின்றன. அமுக்கம் கூடினால் தகைப்பு கூடும். ஆரை கூடினால் தகைப்பு கூடும். தடிப்பு குறைந்தாலும் தகைப்பு கூடும். புடைப்பு ஒன்றின் ஆரை இரண்டு மடங்காகி, சுவரின் தடிப்பு பாதியாகிறது என்று வைத்துக்கொள்வோம். குருதியமுக்கம் மாறாமலே இருந்தாலும் சுவர் தாங்க வேண்டிய தகைப்பு நான்கு மடங்காகிவிடும். பிரஷர் உள்ளவரையும் புடைப்பின் அளவையும் வைத்தியர்கள் ஏன் இவ்வளவு கவனிக்கிறார்கள் என்பது இதிலிருந்து தெரிகிறது.

ஆனால் நாடி றப்பர் பலூன் அல்ல. அது உயிருள்ளது. சுவர் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும், சில இடங்களில் தடிக்கும், சில இடங்களில் அழற்சியால் நலியும். அதனால் பெரிய புடைப்பு ஒன்று பல வருடம் அமைதியாக இருப்பதும் உண்டு, சிறியது ஒன்று திடீரென்று வெடிப்பதும் உண்டு. சமன்பாட்டால் மட்டும் விடை சொல்ல முடியாததால்தான், ஆயிரக்கணக்கான நோயாளர்களைப் பல வருடம் பின்தொடர்ந்து பார்த்து எண்களைச் சேர்த்தார்கள்.

ஆறு கேள்விகள்

அப்படிச் சேர்த்தவற்றில் பெரியது ஒன்று யப்பானில் நடந்தது. 5,720 பேரின் 6,697 புடைப்புகளைப் பின்தொடர்ந்து 2012 இல் முடிவை வெளியிட்டார்கள். வருடத்துக்கு 0.95% புடைப்புகள் வெடித்திருந்தன. அளவு கூடக் கூட ஆபத்தும் கூடியது. புடைப்பின் மேல் இன்னொரு சிறு குமிழ் இருந்தால் அந்த ஆபத்து மேலும் கூடியது.

2014 இல் யப்பானின் தரவுகளும் ஐரோப்பா, வட அமெரிக்கா ஆகியவற்றின் தரவுகளுமாக ஆறு ஆய்வுகள் ஒன்றுசேர்க்கப்பட்டன. மொத்தம் 8,382 பேர். அதிலிருந்து ஒரு புள்ளி அட்டவணை பிறந்தது. ஆறு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்குப் பேஸஸ் என்று பெயர் வைத்தார்கள். கிளினிக்கில் வைத்தியர் அதை ஒரு தாளில் எழுதிக் காட்டினார். நான் என் உயிரியல் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பார்த்தெழுதிக்கொண்டேன்.

1. எந்த மக்களைச் சேர்ந்தவர்? வட அமெரிக்கர், பின்லாந்தைத் தவிர்ந்த ஐரோப்பியர் என்றால் 0. யப்பானியர் என்றால் 3. பின்லாந்து மக்கள் என்றால் 5.
2. உயர் குருதியமுக்கம் உண்டா? இருந்தால் 1.
3. வயது 70 அல்லது அதற்கு மேலா? ஆம் என்றால் 1.
4. புடைப்பின் அளவு என்ன? 7 மில்லிமீற்றருக்குக் குறைவு என்றால் 0. 7 இலிருந்து 9.9 வரை 3. 10 இலிருந்து 19.9 வரை 6. 20 உம் அதற்கு மேலும் 10.
5. முன்பு வேறொரு புடைப்பு வெடித்ததுண்டா? இருந்தால் 1.
6. எந்த நாடியில்? கழுத்திலிருந்து மூளைக்குள் வரும் உட்பெருநாடி என்றால் 0. நடு மூளை நாடி என்றால் 2. முன் மூளை நாடி, பின்பக்க நாடிகள், பின் இணைக்கும் நாடி என்றால் 4.

கூட்டி வரும் புள்ளிக்கு எதிரே அடுத்த ஐந்து வருடத்தில் வெடிக்கும் நிகழ்தகவு இருக்கும். 3 புள்ளிக்கு 0.7%. 6 புள்ளிக்கு 1.7%. 8 புள்ளிக்கு 3.2%. 12 உம் அதற்கு மேலும் என்றால் 17.8%.

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே கூட்டிப் பார்த்தேன். உம்மாவுக்கு 46 வயது. பிரஷர் இருக்கிறது, 1. அளவு 5 மில்லிமீற்றர், 0. நடு மூளை நாடி, 2. மொத்தம் 3. அதாவது 0.7%. எங்கள் கல்லூரியைப் போல ஆயிரம் பேர் இருக்கும் ஓரிடத்தில் எல்லோருக்கும் உம்மாவைப் போல ஒரு புடைப்பு இருந்தால், ஐந்து வருடத்தில் 7 பேருக்கு வெடிக்கும், 993 பேருக்கு வெடிக்காது.

"உம்மா, நூத்துக்கு ஒண்டு கூட இல்ல. பயப்படாதீங்க" என்றேன். அன்றிரவு உம்மா நிம்மதியாகத் தூங்கினார்.

நான் விட்ட பிழை

இரண்டு மூன்று நாள் கழித்துக் கொப்பியைப் புரட்டியபோதுதான் கண்ணில் பட்டது. முதலாவது கேள்விக்கு நான் 0 போட்டிருந்தேன். யார் சொல்லிப் போட்டேன்? வைத்தியர் அந்த இடத்தில் எதுவும் எழுதவில்லை. "முதல் கேள்விக்கு எங்கட ஆக்களுக்கு நேரான விடை இல்ல" என்று அவர் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. 0, 3, 5 என்ற மூன்றில் மிகச் சிறியதை என் கை தானாகவே எடுத்திருக்கிறது. உம்மாவை யப்பானியராக எடுத்தால் புள்ளி 6, ஆபத்து 1.7%. பின்லாந்துக்காரராக எடுத்தால் புள்ளி 8, ஆபத்து 3.2%. புடைப்பு ஒன்றுதான், உம்மாவும் ஒருவர்தான். நாட்டை மாற்ற எண் நான்கு மடங்குக்கு மேல் மாறுகிறது.

மறைக்க மனமில்லாமல் உம்மாவிடம் சொன்னேன். உம்மா கருவாட்டைக் கழுவிக்கொண்டே கேட்டார்:

"நான் விடத்தல்தீவுல பொறந்து புத்தளத்துல வளந்தவ. என்னைய எந்த நாட்டுல போட்ட புள்ள?"

என்னிடம் விடை இல்லை. ஏனென்றால் அந்த 8,382 பேரைச் சேர்த்த ஆறு ஆய்வுகளில் இலங்கையில் நடந்ததோ இந்தியாவில் நடந்ததோ ஒன்றும் இல்லை.

சென்னையிலிருந்து ஒரு பழைய கேள்வி

எங்கள் பக்கத்து மக்களைப் பற்றி யாருமே தேடவில்லையா என்று பார்த்தபோது வைத்தியர் பா. இராமமூர்த்தியின் பெயர் கிடைத்தது. 1922 இல் சீர்காழியில் பிறந்தவர். 1950 இல் சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் மூளை நரம்புச் சத்திரசிகிச்சைப் பிரிவைத் தொடங்கியவர். அதற்கு முந்திய வருடம்தான் வேலூரில் வைத்தியர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதலாவது அத்தகைய பிரிவைத் தொடங்கியிருந்தார்.

இராமமூர்த்தி 1969 இல் அமெரிக்காவில் வெளியாகும் நரம்புச் சத்திரசிகிச்சைச் சஞ்சிகையில், இந்தியாவில் மூளை அனியூரிசம் எந்தளவுக்குக் காணப்படுகிறது என்பதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மேற்கு நாடுகளோடு ஒப்பிட்டால் இந்திய மருத்துவமனைகளில் அது குறைவாகவே காணப்படுகிறது என்பது அவர் கவனித்தது. அதன்பிறகு வெகுகாலம் இது பேசப்பட்டது. எங்கள் பக்கத்து மக்களுக்கு உண்மையிலேயே இது குறைவா? அல்லது இருப்பது கண்ணில் படவில்லையா?

இதை வாசித்தபோது எனக்கு உம்மம்மாவின் ஞாபகம் வந்தது. நான் அவரைப் பார்த்ததில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களோடு அவரும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு புத்தளத்துக்குப் போனவர். முகாமில் கிடுகுக் கொட்டிலில் இருந்தார்கள். எட்டு வருடம் கழித்து ஒரு நாள் சுபஹுத் தொழுகை முடித்து எழும்பும்போது "தலை வெடிக்குதே" என்று இரண்டு கையாலும் தலையைப் பிடித்திருக்கிறார். லுஹருக்கு முன்பே மௌத்தாகிவிட்டார். அஸருக்குப் பிறகு நல்லடக்கம் நடந்தது. ஸ்கேன் எடுக்கவில்லை, பிரேத பரிசோதனையும் இல்லை. "பிரஷர்ல போயிட்டா" என்றுதான் இன்றுவரை சொல்கிறார்கள்.

அது அனியூரிசமாக இருந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இனி அறிய வழியில்லை. ஆனால் உம்மம்மாவைப் போல வீட்டிலேயே இறந்து, அன்றே அடக்கம் செய்யப்பட்டவர்கள் எந்த மருத்துவமனையின் கணக்கிலும் வரமாட்டார்கள். 1969 இல் சீ.டி. ஸ்கேன் இயந்திரமே இருக்கவில்லை. நோயாளி ஒருவரை அதில் முதன்முதலாகப் படமெடுத்தது 1971 இல்தான். தூரக் கிராமத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துசேரும்வரை உயிரோடு இருந்தவர்களை மட்டுமே அன்றைய வைத்தியர்களால் எண்ண முடிந்தது. பிற்காலத்தில் ஸ்கேன் வசதி பரவியபோது இந்திய மருத்துவமனைகளிலும் அனியூரிசங்கள் கூடுதலாகவே கண்டுபிடிக்கப்பட்டன. குறைவாகத் தெரிந்ததில் ஒரு பங்கு, பார்க்க வழியில்லாததால் வந்தது.

எனவே உம்மாவின் முதலாவது கேள்விக்கு 0 என்பதும் ஊகம், 3 என்பதும் ஊகம். அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் கேட்டேன். "ஓம். அதனாலதான் ஒரு எண்ணைச் சொல்லாம ஒரு வீச்சைச் சொல்றம். 0.7 க்கும் 3.2 க்கும் இடையில எங்கேயோ எண்டு வச்சுக்கொள்ளுங்க" என்றார்.

அட்டவணை கேட்காத கேள்விகள்

பேஸஸ் அட்டவணையில் இல்லாத வேறு விடயங்களும் உண்டு. புகைத்தல் அதில் இல்லை. ஆனால் புகைத்தல் இத்தகைய குருதிக்கசிவின் முக்கிய காரணிகளில் ஒன்று என்பது நன்கு நிறுவப்பட்டது. புடைப்பின் வடிவம் அதில் இல்லை. குடும்ப வரலாறும் இல்லை. தாய், தகப்பன், உடன்பிறந்தோர், பிள்ளைகள் என்ற நெருங்கிய உறவில் இரண்டோ அதற்கு மேற்பட்டோருக்கோ இது இருந்தால், மற்றவர்களுக்கும் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது பற்றி வைத்தியர்கள் யோசிப்பார்கள்.

சிறுநீரகங்களில் நிறைய நீர்க்கட்டிகள் உருவாகும் பரம்பரை நோய் ஒன்றும் அனியூரிசத்தோடு தொடர்புடையது. எங்கள் பக்கத்திலும் மதவாச்சி, பதவியா பக்கத்திலும் விவசாயிகளுக்கு வரும் சிறுநீரக நோயோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வேறு நோய்.

இன்னொரு முக்கியமான விடயம். பின்தொடரப்பட்டவர்கள் எல்லோரும் சிகிச்சை செய்யாமல் விடப்பட்டவர்கள். பார்த்தவுடனேயே ஆபத்தானது என்று வைத்தியர்கள் நினைத்த புடைப்புகளுக்குச் சிகிச்சை செய்துவிட்டார்கள். மிஞ்சியவற்றை வைத்துத்தான் இந்த எண்கள் வந்தன. ஆகவே உண்மையான ஆபத்து சற்றுக் கூடுதலாக இருக்கக்கூடும்.

சிறிய புடைப்புகளைப் பற்றியும் ஒரு குழப்பம் இருக்கிறது. சிறியது வெடிப்பது அரிது என்கிறார்கள். ஆனால் வெடித்து ஆஸ்பத்திரிக்கு வருபவற்றில் பல சிறியவை. இரண்டும் எப்படி உண்மையாகும்? ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். சிறிய புடைப்புள்ளவர்கள் 10,000 பேர், அவர்களில் 0.5% பேருக்கு வெடிக்கிறது என்றால் 50 பேர். பெரிய புடைப்புள்ளவர்கள் 200 பேர், அவர்களில் 10% பேருக்கு வெடிக்கிறது என்றால் 20 பேர். ஆஸ்பத்திரியில் பார்ப்பவருக்குச் சிறியவையே அதிகமாகத் தெரியும். ஆனால் ஒரு தனி ஆளுக்குப் பெரியதுதான் ஆபத்து.

அப்படியானால் ஒபரேஷன் செய்தால் என்ன?

வாப்பாவின் கேள்வி இதுதான். "சின்னதோ பெருசோ, எடுத்து விட்டா முடிஞ்சுதே?"

சிகிச்சை இரண்டு விதம். ஒன்று, மண்டையோட்டைத் திறந்து புடைப்பின் கழுத்தில் ஒரு சிறு உலோகக் கவ்வியை மாட்டுவது. வால்டர் டாண்டி என்ற அமெரிக்க வைத்தியர் 1937 இல் இதை முதலில் செய்தார். மற்றையது, தொடைப்பக்க நாடி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, மூளைவரை கொண்டுபோய், புடைப்புக்குள் மெல்லிய பிளாட்டினக் கம்பிச் சுருளை நிரப்புவது. குய்டோ குக்லியெல்மி என்ற இத்தாலிய வைத்தியர் உருவாக்கிய இந்தச் சுருள் 1990 இல் முதன்முதலில் நோயாளி ஒருவருக்கு வைக்கப்பட்டது.

இரண்டிலும் ஆபத்து இல்லாமலில்லை. வெடிக்காத புடைப்புகளுக்குச் சிகிச்சை செய்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2019 இல் வெளியான ஒரு ஆய்வின்படி, சுருள் முறையில் சுமார் 5% பேருக்கும், திறந்து செய்யும் முறையில் சுமார் 8% பேருக்கும் ஏதாவது ஒரு சிக்கல் ஏற்பட்டது. உயிரிழப்பு மிகமிகக் குறைவு. ஆனால் சிக்கல் என்பதில் பக்கவாதமும் அடங்கும். நன்றாக நடமாடும் ஒருவருக்குச் செய்யும் சிகிச்சை இது என்பதை மறக்கக்கூடாது.

0.7% ஐயும் 5% ஐயும் பக்கத்தில் வைத்தால் பேசாமல் விடுவதே நல்லது போலத் தெரியும். ஆனால் 0.7% என்பது ஐந்து வருடத்துக்கு மட்டும். உம்மாவுக்கு 46 வயது. இன்னும் 30 வருடம் என்றால் ஆறு ஐந்து வருடங்கள். நிகழ்தகவுப் பாடத்தில் படித்தபடி 0.993 ஐ ஆறு தரம் பெருக்கி 1 இலிருந்து கழித்தேன். கிட்டத்தட்ட 4% வந்தது. 1.7% என்று எடுத்தால் கிட்டத்தட்ட 10% வந்தது. இதைக் கணித ஆசிரியையிடம் காட்டியபோது, "கணக்குச் சரி. ஒவ்வொரு ஐந்து வருடமும் ஆபத்து ஒரே அளவில் இருக்கும் என்ற எடுகோள்தான் சரியா என்று தெரியாது" என்றார். பல புடைப்புகள் வருடக்கணக்காக மாறாமல் இருக்கின்றன. சில வளர்கின்றன. வளர்பவைதான் அதிகம் வெடிக்கின்றன.

அதனால்தான் மூன்றாவது ஒரு வழி இருக்கிறது: காத்திருந்து கவனிப்பது. குறித்த இடைவெளியில் மீண்டும் ஸ்கேன் எடுத்து, வளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். எந்தப் புடைப்பு வளரும் என்பதைக் கணிக்க 2017 இல் எலாப்ஸ் என்ற இன்னொரு அட்டவணையும் வந்தது. அது புடைப்பின் வடிவத்தையும் கேட்கிறது. உம்மாவின் புடைப்பு ஒழுங்கான வடிவம் கொண்டது, மேலே சிறு குமிழ் எதுவும் இல்லை. வைத்தியர்கள் கூடிப் பேசி, இப்போதைக்குக் காத்திருந்து கவனிப்போம் என்றார்கள். உம்மாவும் அதையே விரும்பினார். முடிவு எங்களுடையதல்ல, உம்மாவுடையது என்பதை வைத்தியர் எங்கள் எல்லோருக்கும் முன்னால் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

எங்கள் வீட்டில் மாறியவை

காத்திருப்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதல்ல. லாப்பிளாசின் விதியில் ஆரையும் தடிப்பும் எங்கள் கையில் இல்லை. அமுக்கம் ஓரளவு கையில் இருக்கிறது. உம்மா முன்பு தலை சுற்றினால் மட்டும்தான் பிரஷர் குளிசை போடுவார். இப்போது இஷாவுக்குப் பிறகு நான் குளிசையும் தண்ணீரும் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். நோன்பு காலத்தில் எந்த நேரத்தில் போடுவது என்பதைக் கிளினிக்கில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டோம். உப்பைக் குறைப்பதுதான் கஷ்டம். மன்னார்ப் பக்கத்துச் சமையலில் கருவாடு இல்லாத கிழமை கிடையாது. இப்போது மாதத்தில் இரண்டு தரம்தான், அதையும் ஊறவைத்து இரண்டு தண்ணீர் மாற்றிய பிறகுதான். வாப்பா வீட்டுக்குள் சிகரெட் பற்றுவதை நிறுத்திவிட்டார். முழுதாக இன்னும் விடவில்லை. உம்மம்மாவைப் போல எங்களுக்கும் ஒருநாள் வரலாம் என்று நானும் நானாவும் சொன்னபோது ஒன்றும் பேசாமல் எழும்பிப் போனார். விடுவார் என்று நம்புகிறேன்.

தோழிகளும் பெற்றோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. சாதாரணத் தலையிடி மெல்ல மெல்லக் கூடும். புடைப்பு வெடித்தால் வரும் தலையிடி இடி விழுந்ததைப் போலச் சில வினாடிகளிலேயே உச்சத்துக்குப் போகும். வாழ்நாளில் இதுவரை வராத தலையிடி என்பார்கள். அதோடு வாந்தி, பிடரி விறைப்பு, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, மயக்கம், வலிப்பு வரலாம். ஒரு கண்ணின் இமை திடீரென்று தொங்குவதும், ஒன்று இரண்டாகத் தெரிவதும் கூட எச்சரிக்கை. அப்போது தைலம் பூசிப் படுக்க வைக்காதீர்கள். அஸ்பிரின் கொடுக்காதீர்கள். ஓதிப் பார்ப்பதை வண்டிக்குள் இருந்தும் செய்யலாம். தலையிடி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, 1990 என்ற இலவச அம்புலன்ஸ் எண்ணுக்கு உடனே அழையுங்கள்.

அந்த எண்ணை நான் வீட்டுக் கதவின் உட்புறம் எழுதி ஒட்டியபோது உம்மா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் வீட்டில் 1990 என்றால் உடுத்த உடுப்போடு வெளியேறிய வருடம். "இந்த நம்பர் மறக்காது" என்று மட்டும் சொன்னார்.

உம்மாவின் ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் நான் ஒரு கோப்பில் திகதி வாரியாகப் போட்டு வைத்திருக்கிறேன். உம்மம்மாவுக்கு என்ன நடந்தது என்பதையும், அவரது வயதையும், தெரிந்த அளவில் ஒரு தாளில் எழுதிச் சேர்த்திருக்கிறேன். கிளினிக்கில் "குடும்பத்தில யாருக்காவது?" என்று கேட்கும்போது, "பிரஷர்ல போயிட்டா" என்று சொல்லாமல் அந்தத் தாளைக் கொடுக்கிறோம். உங்கள் வீட்டிலும் அப்படித் திடீரென்று மௌத்தானவர்கள் இருந்தால், மூத்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். நாளைக்கு எங்கள் மக்களுக்கென்று யாராவது ஒரு அட்டவணை செய்ய முன்வந்தால், அவர்களுக்குத் தேவைப்படுவது இத்தகைய தாள்கள்தான்.

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது உம்மாவின் அடுத்த ஸ்கேன் முடிந்திருக்கும். 5 மில்லிமீற்றர் 5 ஆகவே இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் வீட்டின் துஆ. உங்கள் துஆவிலும் உம்மாவைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.